நால்வருக்கு ஒரே கோப்பு: மணிலாவில் வாங்கிய ஒரு குடியேற்ற உதவிச் சேவை

என் மனைவியின் அண்ணன் குடும்பம் 2018 நவம்பரில் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்திலுள்ள லிபா நகரிலிருந்து கனடாவின் வின்னிபெக்கிற்குக் குடிபெயர்ந்தபோது, மணிலாவில் இயங்கும் ஒரு தனியார் நிறுவனத்திடம் 60,000 பெசோ செலுத்தி, ‘குடியேற்ற உதவித் தொகுப்பு’ என்ற பெயரில் ஒரு சேவையை வாங்கியிருந்தார்கள். ஆவணங்களைத் திரட்டித் தருவது, இரண்டு நாள் பயிலரங்கு, எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல், வேலைக்கு விண்ணப்பிக்கத்தக்க பயோடேட்டா, விமான நிலையத்தில் வரவேற்பு, முதல் மாதத்திற்குத் தங்குமிடம், வந்திறங்கிய பின் அரசு அலுவலகங்களில் துணை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும் என்று அவர்கள் கொடுத்த அட்டையில் அச்சிட்டிருந்தது. வின்னிபெக்கில் அவர்களுக்காகக் காத்திருந்த உறவினர் வீடு எங்களுடையது என்பதால், அந்தச் சேவையின் ஒரு முனையைத் தொலைபேசி வழியாகவும் மறுமுனையை நேரிலும் பார்க்க நேர்ந்தது. அதற்குப் பிறகு மனைவியின் உறவினர்களில் மூவர் என்னிடம் இதைப் பற்றி விசாரித்துவிட்டார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்பதே மூவரின் கேள்வியும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் குறை அங்கே வேலை பார்ப்பவர்கள் மீது அன்று, அந்தச் சேவை வடிவமைக்கப்பட்ட விதத்தின் மீது.

மைத்துனரை என் மனைவி ‘குயா’ என்று அழைக்கிறாள். தகாலோக் மொழியில் அண்ணன் என்று பொருள். அவருடைய மனைவி எங்களுக்கு ‘ஆத்தே’, அதாவது அக்கா. நானும் அவ்வாறே அழைக்கிறேன். நம்மிடம் சகலை, ஓரகத்தி என்ற சொற்கள் இருப்பதைப் போல, உடன்பிறந்தவர்களை மணந்துகொண்ட இருவருக்கு இடையிலான உறவைக் குறிக்க அவர்களிடம் ‘பிலாஸ்’ என்ற தனிச் சொல் உண்டு. உறவுகளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கும் ஒரு சமூகத்தில், அந்தச் சமூகத்தினரே நடத்தும் நிறுவனம் ஒரு குடும்பத்தை ‘முதன்மை விண்ணப்பதாரர் ஒருவர், உடன்செல்வோர் மூவர்’ என்று எழுதி ஒரே கோப்பில் போட்டுக் கட்டிவிட்டது. பின்னால் நேர்ந்த இடர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. குயா மின்பொறியாளர், ஆத்தே செவிலியர், மகளுக்கு அப்போது 14 வயது, மகனுக்கு 9. ஐந்தாவதாக ஆத்தேயின் தாயார் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘லோலா’, அதாவது பாட்டி.

சேவையை மதிப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். விசா கிடைத்ததற்கும் இந்நிறுவனத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வின்னிபெக் இருக்கும் மானிட்டோபா மாகாணத்தில் 1998ஆம் ஆண்டு தொடங்கிய மாகாண நியமனத் திட்டத்தின்கீழ், எங்களை நெருங்கிய உறவினராகக் காட்டிக் குயா தாமே விண்ணப்பித்திருந்தார். முதன்மை விண்ணப்பதாரருக்கு 10,000 கனடிய டாலர், உடன்வரும் ஒவ்வொருவருக்கும் 2,000 டாலர் என்று அத்திட்டம் கையிருப்புக் கேட்டது. நால்வருக்கு 16,000 டாலர் என்பது அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ ஆறரை லட்சம் பெசோ. பழைய வேனை விற்றும், பல ஆண்டுச் சேமிப்பைத் திரட்டியும் அவர்கள் சேர்த்த தொகை அது. அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான பணத்தை ஒரு சேவைக்குக் கொடுப்பது சிறிய முடிவன்று.

முதலில் நிறையைச் சொல்கிறேன். ஆவணப் பணியை அவர்கள் உண்மையாகவே நன்றாகச் செய்தார்கள். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் வழங்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அங்கே எந்தக் காரியமும் நகராது. ஆத்தேயின் சான்றிதழில் அவருடைய தாயாரின் குடும்பப் பெயர் ஓர் எழுத்துப் பிழையுடன் பதிவாகியிருந்தது. பிறந்ததிலிருந்து நாற்பது வயதுவரை அதை யாரும் கவனிக்கவில்லை. நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருந்த ஒரு பெண் முதல் நாளே அதைக் கண்டுபிடித்தார். 2001ஆம் ஆண்டின் 9048ஆம் எண் சட்டத்தின்படி இத்தகைய எழுத்துப் பிழைகளை நீதிமன்றத்திற்குப் போகாமல் உள்ளூர்க் குடிமைப் பதிவாளரிடமே திருத்திக்கொள்ளலாம் என்பதையும் அவரே எடுத்துச் சொல்லி, படிவத்தை நிரப்பி, லிபா நகராட்சிக்கு அனுப்பிவைத்தார். கடைசி நேரத்தில் தெரிந்திருந்தால் பயணமே தள்ளிப்போயிருக்கும். தேசியப் புலனாய்வுப் பணியகத்தின் நற்சான்று வாங்கும்போது, அதே பெயருடைய வேறொருவர்மீது வழக்கு இருந்தால், அங்குள்ளவர்கள் ‘ஹிட்’ என்று சொல்லி விண்ணப்பதாரரைப் பிறிதொரு நாள் வரச் சொல்வார்கள். குயாவின் பெயர் பத்தாங்காஸில் தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர். அவருக்கு நிச்சயம் ‘ஹிட்’ விழும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கான நாள்களை ஒதுக்கித் திட்டமிட்டிருந்தார்கள். ‘மாம்’, ‘சார்’ என்று விளிக்காமல் ஒரு வாக்கியத்தையும் முடிக்காத அந்தப் பெண்ணின் பொறுமையைப் பற்றி ஆத்தே இன்றுவரை பாராட்டிப் பேசுகிறார்.

ஆனால் அதே பிரிவு தேவையற்ற ஒரு வேலைக்கும் பணம் வாங்கியது. கல்விச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் வெளியுறவுத் துறையின் சான்றொப்பம் வாங்க வேண்டும் என்று சொல்லித் தனிக் கட்டணம் வசூலித்தார்கள். சிவப்பு நாடா கட்டித் தரப்படுவதால் மக்கள் அதை ‘ரெட் ரிப்பன்’ என்றே அழைப்பார்கள். வின்னிபெக் வந்த பிறகு அந்த நாடாவை யாரும் கேட்கவில்லை. அவர்கள் வந்து ஆறு மாதத்திற்குள், 2019 மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் ‘அப்போஸ்டில்’ என்ற பன்னாட்டுச் சான்றொப்ப முறைக்கு மாறியதால் அந்த நாடாவும் வழக்கொழிந்தது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவ்வளவு தடிமனான கோப்பில் பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவும் பள்ளி மதிப்பெண் அட்டையும் இல்லை என்பதுதான் பொறுக்க முடியாதது. வின்னிபெக்கில் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது அலுவலர் முதலில் கேட்டவை அவ்விரண்டும்தாம். தந்தையின் பட்டச் சான்றிதழுக்கு நாடா கட்டியவர்களுக்கு மகளின் மதிப்பெண் அட்டை நினைவுக்கு வரவில்லை.

பயிலரங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு விடுதி அரங்கில் இரண்டு நாள் நடந்தது. பனி பொழியும் படங்கள், வங்கிக் கணக்கு, வரி, கடன் மதிப்பெண் என்று ஒருவர் திரையைக் காட்டிப் பேசினார். குளிர் எப்படி இருக்கும் என்று யாரோ கேட்டதற்கு, வின்னிபெக்கில் ஜாலிபீ (பிலிப்பைன்ஸின் துரித உணவகம்) இருக்கிறது, கவலை வேண்டாம் என்று விடையளித்தாராம். செய்தி உண்மைதான், கனடாவின் முதல் ஜாலிபீ உணவகம் 2016 டிசம்பரில் வின்னிபெக்கில்தான் திறக்கப்பட்டது. கேட்ட கேள்விக்கு அது விடையாகாது என்பது வேறு. பிள்ளைகள் இருவரும் இரண்டு நாளும் பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் அடுத்த வாரமே அவர்களுக்குக் கிடைத்தது. நிரந்தரமாக வெளிநாடு செல்லும் பிலிப்பினோக்கள், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாக்கப்பட்ட வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணையத்தில் பதிவு செய்து, புறப்படுமுன் அங்கே ஓர் அமர்வில் கலந்துகொள்ள வேண்டும். அப்போது கட்டணம் 400 பெசோ. அமர்வு முடிந்ததும் கடவுச்சீட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். பிற்காலத்தில் அதன் இடத்தில் மின்னணுச் சான்றிதழ் வந்துவிட்டது. கட்டாயம் என்பதால் பலர் இதை ஒரு சடங்காகக் கருதிச் சலித்துக்கொள்வதுண்டு. எங்கள் குடும்பத்தில் அது நடந்த விதம் வேறு. 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி அமர்வு என்றும், 13 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு வேறொரு கலந்துரையாடல் என்றும் அங்கே பிரித்து வைத்திருந்தார்கள். மகள் தன் வயதுப் பிள்ளைகளுடன் ஓர் அறையில் உட்கார்ந்து, புதிய பள்ளியில் யாரும் பேசாவிட்டால் என்ன செய்வது, தன் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் என்ன செய்வது, இங்குள்ள தோழிகளை எப்படி விட்டுச் செல்வது என்றெல்லாம் பேசிவிட்டு வந்தாள். கனடா செல்வதைப் பற்றி அவளிடம் அவளுடைய கருத்தை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை என்று ஆத்தே பின்னர் வருத்தத்துடன் சொன்னார். 400 பெசோ அமர்வு வயதைப் பார்த்து மனிதர்களைப் பிரித்தது. 60,000 பெசோ தொகுப்பு அதைச் செய்யவில்லை.

பொருள் பட்டியலுக்கு வருவோம். இரண்டு பக்கப் பட்டியல் அது. குளிர் உடைகளை மணிலாவிலேயே வாங்கிக்கொள்ளுமாறு அதில் எழுதியிருந்ததால், ‘உக்காய்-உக்காய்’ எனப்படும் பழைய துணிக் கடைகளில் தேடி நால்வருக்கும் மேலங்கிகள் வாங்கிப் பெட்டிகளில் ஏறத்தாழ பாதி இடத்தை அவற்றால் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். இலையுதிர் காலத்துக்குப் போதுமான மேலங்கிகள் அவை. வின்னிபெக்கில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலையே சுழியத்திற்குக் கீழே 16 பாகை அளவில் இருக்கும். காற்று வீசும் நாளில் உடம்பு உணரும் குளிர் 40 பாகைக்கும் கீழே போகும். முதல் வாரத்திலேயே என் மனைவி தன் தேவாலயத்துத் தோழிகளிடம் கேட்டு நான்கு தடித்த மேலங்கிகளை இரவல் வாங்கினாள். பட்டியலில் எட்டாவதாக ரைஸ் குக்கர் என்று இருந்தது. பிலிப்பைன்ஸில் மின்னழுத்தம் 220 வோல்ட், கனடாவில் 120 வோல்ட். அங்கே வாங்கிய குக்கரை இங்கே பொருத்தினால் அதற்குரிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மின்பொறியாளரான குயாவுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். பெட்டி கட்டிய இரவில் பட்டியலை வாசித்தவர் ஆத்தே, அடுக்கியவள் மகள், தாம் கையெழுத்து மட்டுமே போட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். அந்தக் குக்கர் மறு ஆண்டு, வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஊருக்குப் பொருள்களை நிரப்பி அனுப்பும் ‘பாலிக்பயான்’ பெட்டியில் லோலாவுக்கே திரும்பிப் போய், லிபாவில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

பட்டியலில் இல்லாத ஒன்றுதான் கூடுதல் ஆபத்தானது. நிரந்தரக் குடியேறிகள் கனடாவில் முதன்முறை காலடி வைக்கும்போது, கையோடு கொண்டுவரும் பொருள்களையும் பின்னால் வரவிருக்கும் பொருள்களையும் எழுதிச் சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். அன்று எழுதாத பொருள் பின்னால் வந்தால் வரி விதிக்கப்படலாம். ஆத்தேயின் திருமண நகைகளை லோலாவிடம் விட்டுவிட்டு வருவதாக முடிவாகியிருந்தது. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு தற்செயலாகப் பேச்சு வந்தபோது என் மனைவி இதைச் சொல்ல, அன்றிரவே நகைகளைப் படமெடுத்து மதிப்புடன் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். 60,000 பெசோ வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டிய செய்தி, நாத்தனாரின் தொலைபேசி அழைப்பில் வந்து சேர்ந்தது.

விமான நிலைய வரவேற்பு குறித்து இரண்டே வாக்கியம். மணிலாவிலிருந்து வான்கூவர் வழியாக அவர்கள் வின்னிபெக் வந்திறங்கியபோது, நாங்கள் எங்கள் காருடன் வெளியே நின்றிருந்தோம். நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி எங்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் கழித்து வந்து, பெயர்ப்பலகையுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

தங்குமிடம் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தது. சுத்தமாகவும் கதகதப்பாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையை முன்வைப்பாகக் கேட்டார். மானிட்டோபா சட்டப்படி அரை மாத வாடகைக்கு மேல் முன்வைப்பு வாங்கக் கூடாது. குயா கொடுத்துவிட்டார். வந்த இடத்தில் தகராறு வேண்டாம் என்ற தயக்கம் அவருக்கு. பெரியவர்களிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘போ’ என்ற பணிவுச் சொல்லைச் சேர்த்துப் பழகியவர், வந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் சட்டம் பேசுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. நான் தொலைபேசியில் பேசியதும் மறுநாளே பாதித் தொகை திரும்பி வந்தது. வீட்டைப் பார்த்துக் கொடுத்தவர்கள் சட்டத்தையும் ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால் நான் அதில் தலையிட வேண்டிய தேவையே வந்திராது.

அரசு அலுவலகத் துணை என்பது, சமூகக் காப்பீட்டு எண் வாங்க ஓர் அலுவலகத்திற்கும், கணக்குத் தொடங்க ஒரு வங்கிக்கும் உடன் வந்ததோடு முடிந்தது. இரண்டுமே இலவசமாக, ஒரு மணி நேரத்தில், யார் துணையும் இல்லாமல் நடக்கக்கூடியவை. குழந்தைகள் நல உதவித்தொகைக்கான படிவத்தை அவர்கள் குறிப்பிடவே இல்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள, பெற்றோர் இருவரும் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு முதல் ஆண்டில் அதைவிடப் பெரிய வருமானம் வேறில்லை. புதிதாக வந்தவர்களுக்கு வேலை வழிகாட்டும் மானிட்டோபா ஸ்டார்ட் என்ற அமைப்பிலும், ஆங்கிலத் தேர்ச்சியை அளந்து வகுப்புக்கு அனுப்பும் மையத்திலும் குயா பதிவு செய்துகொண்டது எங்கள் மூலமாகத்தான். அவையும் கட்டணமற்றவை.

குயாவுக்கு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பயோடேட்டாவை அங்கே ஓர் ஆலோசகர் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மென்மையாகத் திருப்பிக் கொடுத்தார். புகைப்படம், பிறந்த தேதி, மணமானவர் என்ற குறிப்பு, மதம், உயரம், எடை எல்லாம் அதில் இருந்தன. பிலிப்பைன்ஸில் இவை வழக்கமாக எழுதப்படுபவை. கனடாவில் எழுதக் கூடாதவை. கனடாவுக்காகவே தயாரித்தது என்று சொல்லி விற்ற நிறுவனத்திற்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பொறியாளர் பதிவுக்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் அவர் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டு வீட்டுக்கு வரும்போது மூக்கைத் தொட்டுக்காட்டி ‘நோஸ்பிளீட்’ என்பார். ஆங்கிலம் பேசிக் களைத்துப்போனால் பிலிப்பினோக்கள் சொல்லும் வேடிக்கைச் சொல் அது. இரண்டாம் மாதத்திலிருந்து அவர் அதைச் சிரிக்காமல் சொல்லத் தொடங்கியதை நான் கவனித்தேன்.

இனி, இந்தச் சேவையின்மீது எனக்குள்ள ஆகப் பெரிய குறை. ஆத்தே கோப்பில் ‘உடன்செல்பவர்’. அதனால் அவருக்குப் பயோடேட்டாவும் இல்லை, தொழில் ஆலோசனையும் இல்லை. லிபாவில் ஒரு மருத்துவமனையில் 15 ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலியர் அவர். 1960களின் பிற்பகுதியில் ஆடைத் தொழிற்சாலைகளுக்காக வந்த பெண்கள் தொடங்கி, பிலிப்பினோக்கள் வேரூன்றிய நகரம் வின்னிபெக். இங்குள்ள மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தகாலோக் மொழி காதில் விழாத நாள் இருக்காது. நால்வரில் முதலில் வேலை கிடைக்கக்கூடியவர் ஆத்தேதான் என்பதை இந்த ஊரில் ஒரு வாரம் இருந்தவர்கூடச் சொல்லிவிடுவார். அப்படியே நடந்தது, ஆறாம் வாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தார். செவிலியராக அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

மானிட்டோபாவில் செவிலியராகப் பதிவு பெற, வெளிநாட்டில் படித்தவர்கள் அப்போது முதலில் தேசியச் செவிலியர் மதிப்பீட்டுச் சேவையின் வழியே போக வேண்டியிருந்தது. 2014இல் தொடங்கிய ஏற்பாடு அது. அதில் முக்கியமான விதி, சான்றுகளை விண்ணப்பதாரர் கையில் வாங்கி அனுப்பக் கூடாது என்பதுதான். படித்த கல்லூரி பாடத்திட்டத்தையும் மதிப்பெண்களையும் நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸின் தொழில்முறை ஒழுங்காற்று ஆணையம் உரிமச் சான்றை நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. வேலை பார்த்த மருத்துவமனையும் தனக்குரிய படிவத்தை நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. லிபாவில் இருந்தபோது இவை மூன்றும் பேருந்தில் போய் வரக்கூடிய தொலைவில் இருந்தன. நேரில் போய்ப் பதிவாளர் முன் நின்று, தெரிந்த முகத்தைக் காட்டி, ஒரு பெட்டி பலகாரத்தைக் கொடுத்துக் கேட்டால் நடந்திருக்கக்கூடிய காரியம், வின்னிபெக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியபோது ஏழு மாதங்கள் இழுத்தது. குளிர்காலத்தில் அங்கும் இங்கும் 14 மணி நேர வேறுபாடு. கல்லூரி அலுவலகம் திறந்திருக்கும் காலை பத்து மணி இங்கே முந்தைய நாள் இரவு எட்டு மணி. வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் அவர் கல்லூரிக்குத் தொலைபேசி செய்துகொண்டிருந்த இரவுகளை நான் எண்ணிவைக்கவில்லை. பாடத்திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்திருக்கக்கூடிய பேராசிரியர் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார்.

நிறுவனத்திடம் இதைப் பற்றிக் கேட்டபோது, செவிலியர்களுக்குத் தங்களிடம் தனித் தொகுப்பு உண்டு, ஆனால் அது முதன்மை விண்ணப்பதாரர் செவிலியராக இருந்தால் மட்டுமே பொருந்தும் என்று எழுதினார்கள். இந்த விடையை நான் பலமுறை வாசித்துப் பார்த்தேன். அவர்களுக்கு விவரம் தெரிந்தே இருந்திருக்கிறது. கோப்பின் முதல் வரியில் இருந்த பெயர் வேறு என்பதற்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

மகளின் கதை இதைவிட அமைதியானது, அதனாலேயே கவனிக்கப்படாதது. பயணத் தேதியை நிறுவனம் நவம்பருக்குக் குறித்தது. கிறிஸ்துமஸ் நெருக்கடிக்கு முன் விமானக் கட்டணம் குறைவு என்பது காரணம். பிலிப்பைன்ஸில் அப்போது பள்ளியாண்டு ஜூனில் தொடங்கும், கனடாவில் செப்டம்பரில். ஆகவே அவள் அங்கே பாதியில் விட்டு, இங்கே பாதியில் சேர்ந்தாள். வயதை வைத்து ஒன்பதாம் வகுப்பில் போட்டார்கள். மானிட்டோபாவில் பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான 30 மதிப்பலகுகளின் கணக்கு தொடங்குவது அந்த ஒன்பதாம் வகுப்பில்தான். மருத்துவப் பரிசோதனையின் செல்லுபடிக் காலத்தின்படி பார்த்தால் அவர்கள் ஆகஸ்டிலேயே கிளம்பியிருக்கலாம். ஆவணங்களும் அதற்குள் தயாராகிவிட்டன. ஒரு பயணச்சீட்டில் சில ஆயிரம் பெசோ மிச்சமானது. அவள் மறு ஆண்டின் கோடையில் இரண்டு பாடங்களை மீண்டும் படித்தாள். பள்ளி உணவகத்தில் முதல் மூன்று வாரம் யாருடன் சாப்பிட்டாள் என்று கேட்டால் இன்றும் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

சிறுவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவாக இல்லை. அவன் எந்தச் சேவையும் இல்லாமல் குடியேறிவிட்டான். வசந்தம் வருவதற்குள் என்னை ‘டிட்டோ’ (மாமா) என்று அழைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற தகாலோக் சொற்களை ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கினான். கேள்வியைத் தகாலோக்கில் கேட்டால் விடை ஆங்கிலத்தில் வரும். ஆத்தேக்கு அது கவலை; குயாவுக்கு ஒரு வகையில் நிம்மதி.

லோலாவுக்கு நிறுவனத்தின் படிவத்தில் இடமே இல்லை. உடன்செல்வோருக்குக் கட்டம் இருந்தது, செல்லாதவருக்குக் கட்டம் இல்லை. ஆத்தே இரவுப் பணி பார்த்த அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளைத் தூங்க வைத்தவர் அவர். அவரை யார் பார்த்துக்கொள்வது, மாதந்தோறும் பணத்தை எப்படி அனுப்புவது, காணொலி அழைப்பை எப்படி எடுப்பது என்பவற்றுக்கெல்லாம் பயிலரங்கில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால்கூடப் போதும். புறப்பட்ட பிறகு அவர் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கூரை மின்விசிறியை மட்டும் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த வாரங்களைத் தவிர்த்திருக்கலாம். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மூன்று ஆண்டு வருமானத்தைக் காட்ட வேண்டும். 2011இல் அறிமுகமான சூப்பர் விசாவில் நீண்ட காலம் வந்து தங்கலாம், ஆனால் அதற்கும் குடும்ப வருமான வரம்பும், குறைந்தது 100,000 டாலருக்கான மருத்துவக் காப்பீடும் தேவை. முதல் ஆண்டில் இவையெல்லாம் எட்டாத உயரம். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தால், அடுத்த கிறிஸ்துமஸுக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று ஆத்தே தன் தாயிடம் விமான நிலையத்தில் சொல்லியிருக்க மாட்டார். லோலா அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டோம். விமான நிலைய வரவேற்புக்கான 3,000 பெசோவை மட்டும், நான்கு மின்னஞ்சல்களுக்குப் பிறகு, திருப்பிக் கொடுத்தார்கள்.

சென்ற மாதம் லிபாவிலிருந்து குயாவின் ஒன்றுவிட்ட தம்பி அழைத்து, தன் குடும்பமும் வரவிருப்பதாகச் சொல்லி, இதே நிறுவனத்தைப் பற்றிக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஆவணப் பணியை மட்டும் தனியே கேட்டு வாங்கலாம். அட்டையில் அச்சிடவில்லை என்றாலும் கேட்டால் 15,000 பெசோவுக்குச் செய்து தருகிறார்கள், அந்தப் பணத்துக்கு அது தகும். சான்றொப்பம் வேண்டுமா என்பதைக் கனடாவில் அந்தத் தாளைப் பெறப்போகிற அலுவலகத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பயிலரங்கு, வரவேற்பு, தங்குமிடம் ஆகியவை இந்த ஊரில் ஓர் உறவினரோ நண்பரோ இருப்பவருக்குத் தேவையில்லை. யாருமே இல்லாதவருக்குத் தங்குமிடம் மட்டும் பயன்படலாம். நான் பேசி முடித்ததும் ஆத்தே தொலைபேசியை வாங்கிக்கொண்டார். தம்பியின் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று முதலில் கேட்டார். மருத்துவ ஆய்வகத்தில் என்று பதில் வந்தது. பயணச்சீட்டு எடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டு, நாளைக் காலையிலேயே அவளை அவள் படித்த கல்லூரிக்கு நேரில் போகச் சொல் என்றார்.